அணைந்த புள்ளி

கடல் கண்காணிப்பு நிலையத்துத் திரையில் ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளி. படகிலுள்ள கருவி அணைந்தால் புள்ளி மறையும், அலாரம் கூவும். கள்ளப்படகு நம் கரைக்குள் நுழையாமலிருக்கச் செய்த ஏற்பாடு.

நம்ம ஆட்களோ, மீன் கூட்டத்தைக் கண்டதும் கருவியை அணைத்துவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரன் தன் கருவியில் இடம் பார்த்து வந்துவிடுவானே! ஒரு நாளைக்கு நாற்பது அலாரம். நிலையத்தில் திரையைக் கவனிக்கும் தணிகாசலத்துக்குக் காது அடைத்துப்போனது. உள்ளூர்ப் படகு மறைந்தால் கூவாதே என்று கணினியைப் பழக்கிவிட்டார்.

அடுத்த மாதமே உள்ளூர் மீனவர் சவரிமுத்துவின் படகுப் புள்ளி மறைந்தது. அலாரம் கூவவில்லை. ஐந்தாம் நாள் வெறும் படகுதான் கரை ஒதுங்கியது.

தணிகாசலத்துக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் அதே நிலையத்து அதிகாரி ஞானசெல்வி. வயதில் அவரைவிடப் பத்து வருஷம் சின்னவள். அவளிடம் போய் நின்றார்.

"மேடம், எது மீனுக்காக அணைச்சது, எது ஆபத்துன்னு கணினிக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?"

"சவரிமுத்து வீட்ல கேட்டீங்களா?"

"அவங்களுக்கு இதுல என்ன தெரியும்?"

"வாங்க சார், கேட்போம்."

சவரிமுத்துவின் மனைவி அமலோற்பவம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அணைக்கிறதுல என்ன இருக்கு? வலையை இழுத்துப் படகைக் கரைப்பக்கம் திருப்பினதும் மறுபடி போட்டுருவாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான். சாயங்காலம் வரைக்கும் போடலைன்னாதான் ஆபத்துன்னு அர்த்தம்."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் மேடம்! சாயங்காலத்துக்குள்ள புள்ளி திரும்ப வரலைன்னா கூவணும். இன்னைக்கே பழக்கிடலாம். ஏம்மா, இதை முன்னாடியே யாராவது எங்ககிட்ட சொல்லியிருந்தா..."

முறம் நின்றது.

"சொன்னேனே ஐயா. அன்னைக்குப் பொழுது சாயவே உங்க ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். அவரு இன்னும் வரலைன்னு இதே வார்த்தையைத்தான் சொன்னேன். 'அலாரமே வரலை, போய்ச் சோறு பொங்கும்மா'ன்னு நீங்கதானே அனுப்புனீங்க."

யாரோ ஒரு பெண் நிலையத்து வாசலில் வந்து நின்றது அவருக்கு நினைவு வந்தது. அவள் முகம் நினைவு வரவில்லை.

இருவரும் ஜீப்பில் திரும்பினார்கள். நிலையத்து வாசலில் ஜீப் நின்றபோது தணிகாசலம் மெல்லச் சொன்னார்:

"நீங்க மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா அந்தம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பீங்க மேடம்."

ஞானசெல்வி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இருந்தேன் சார். உள் ரூம்லதான் இருந்தேன். அவங்க குரல் கேட்டுச்சு. திரையைப் பார்த்தேன், ஒண்ணுமில்லை. நானும் எழுந்திருக்கலை."