மிராசுதார் தலையில் இளகிய மண்

கீழத்தெருவில் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு மிராசுதார் தோட்டத்தில் பூட்டிக் கிடந்தது. அவர் வீட்டுச் சுவர் பூச வந்த செங்கமலத்தின் மண்சட்டியை அவர் கவிழ்த்துப் பார்த்தார். மண் விழவில்லை.

“கல்லாட்டம் இருக்கே! இதையா பூசுவே?”

“குலுக்கினா ஓடுங்க ஐயா. சும்மா வெச்சா மறுபடி இறுகிடும்.”

“இதாவது ஓடுறதாவது! ஓடினா உங்க தெருவே என் கிணத்துல தண்ணி எடுத்துக்கலாம்.”

“அவ்வளவு நம்பிக்கைன்னா, உங்க தலைக்கு மேல கவிழ்த்துப் பிடிங்க.”

ஊர் பார்க்கப் பிடித்தார். சொட்டுக்கூட விழவில்லை.

“தோத்துட்டேங்க ஐயா,” என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள் செங்கமலம்.

மிராசுதாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொந்தி குலுங்கியது, தோள் குலுங்கியது, சட்டியும் சேர்ந்து குலுங்கியது. இளகிய மண் மீசைவரை வழிந்தது.

செங்கமலம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். “இறுகறதுக்குள்ள குளிச்சிடுங்க ஐயா. நம்ம கிணத்துல ரெண்டு குடம் இறைச்சுட்டு வரேன்.”