செங்கண்ணி வீணடித்த கூவல்

ஏரி வற்றிக்கொண்டிருந்த காலம். கரையோரத்துப் பொட்டல்வெளியில் செங்கண்ணி என்ற ஆள்காட்டிப் பறவை தன் குஞ்சை மேய்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சின் பெயர் பொட்டு. மற்ற முட்டைகளைக் கீரி தின்றுவிட்டது. மிஞ்சியவன் இவன் ஒருவன்தான்.

ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், கற்களுக்கு நடுவே முட்டையிடும். குஞ்சு வெளியே வந்ததுமே ஓடத் தொடங்கிவிடும். பறப்பதற்குத்தான் வெகுநாள் ஆகும். அதுவரை அதற்கு இருக்கும் ஒரே காவல் தாயின் அபாயக் கூவல். “கிட்டிட்டீ! கிட்டிட்டீ!” என்று கேட்டால் போதும். குஞ்சு இருந்த இடத்திலேயே வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். அதன் உடம்பெல்லாம் மண்நிறப் புள்ளிகள். அசையாமல் கிடந்தால் எது கல், எது குஞ்சு என்று பருந்துக்குக்கூடத் தெரியாது.

பொட்டு மகா துறுதுறுப்பு. கண்ணில் பட்டதையெல்லாம் கொத்திப் பார்ப்பான். அம்மா எதைச் செய்தாலும் அதையே செய்வான். அவள் தலையைச் சாய்த்தால் இவனும் சாய்ப்பான். அவள் ஒற்றைக் காலில் நின்றால் இவனும் நிற்பான். நின்றவுடன் பொத்தென்று விழுவான். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செங்கண்ணிக்கு நேரமில்லை. அவன் பின்னால் ஓடி ஓடியே அவள் கால் ஓய்ந்துவிட்டது.

ஒருநாள் பொட்டு ஏரிச் சேற்றை நோக்கி ஓடினான்.

“டேய் பொட்டு! சேத்துல இறங்காதடா!”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. செங்கண்ணிக்கோ பசி. அப்போதுதான் ஒரு புழு கிடைத்திருந்தது. அதை விட்டு எழுந்து ஓட மனமில்லை. சட்டென்று, “கிட்டிட்டீ!” என்று கூவிவிட்டாள்.

பொட்டு அப்படியே தரையில் ஒட்டிக்கொண்டான். அரவமே இல்லை.

“அட! இது இவ்வளவு சுலபமா!” என்று நினைத்துக்கொண்டு செங்கண்ணி நிம்மதியாகப் புழுவைத் தின்றாள்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்தக் கூவல்தான். பொட்டு கட்டெறும்பைக் கொத்தப் போனால் கூவல். எருமைச் சாணியைக் கிளறினால் கூவல். உச்சிவெயிலில் தூங்க மறுத்தால் அதற்கும் ஒரு கூவல்!

தண்ணீரோரம் நின்றிருந்த வெள்ளைக் கொக்குக்கு இதைப் பார்த்து ஒரே வியப்பு.

“எம்புள்ளைங்க நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல வாங்காதுங்க. நீ ஒரு சத்தம் போட்டா உம்புள்ள பெட்டிப் பாம்பா அடங்கிடறானே! கெட்டிக்காரிடி நீ!”

“எல்லாம் வளக்கற விதத்துல இருக்குக்கா!” என்றாள் செங்கண்ணி. அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் ஒவ்வொரு கூவலுக்கும் அக்கரையில் காவல் நின்ற நெட்டையன் அலறியடித்துப் பறந்து வந்தான். அவன்தான் பொட்டுவின் அப்பா.

“பருந்து எங்க? பருந்து எங்க?”

“பருந்தெல்லாம் இல்லீங்க. சாணியக் கொத்தப் போனான்.”

“சாணிக்கா இந்தக் கூவல்? நான் பதறிப்போயிட்டேன்!”

“உங்களுக்கென்ன! காவல்னு சொல்லிட்டு அக்கரையில நின்னுக்கறீங்க. பொழுதன்னிக்கும் இவன் பின்னால ஓடறது யாரு?”

நெட்டையன் அக்கரைக்கே திரும்பிப் பறந்துவிட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் சொன்னதிலும் இருந்தது. யார் அலுப்பை யார் கேட்டார்கள்?

பொட்டுவோ மெல்ல மெல்ல மாறினான். முதலில் கூவல் கேட்டால் நெஞ்சு படபடக்கக் கிடந்தவன், பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினான். வானத்தில் ஒன்றும் இல்லை. அம்மாவின் முகத்தில் எரிச்சல் மட்டும் இருந்தது. கொஞ்ச நாளில் பாதி உட்கார்ந்தான். பிறகு உட்காரவும் இல்லை. நின்றபடியே அம்மாவைப் பார்ப்பான். பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவான்.

செங்கண்ணி இன்னும் உரக்கக் கூவினாள். பயனில்லை.

“புள்ள கெட்டுப்போச்சுடி! நறுக்குன்னு ரெண்டு போடு!” என்றது கொக்கு.

செங்கண்ணியும் ஒருநாள் போட்டுவிட்டாள். பொட்டு வீறிட்டு அழுதான். அழுதுகொண்டே அவள் சிறகுக்கடியில்தான் வந்து புகுந்துகொண்டான். அடித்தவளிடமே ஆறுதல் தேடி வந்த அந்தச் சின்ன உடம்பின் நடுக்கம் அவள் மனத்தைப் பிசைந்தது. ஆனாலும் மறுநாள் அதே கூவல்தான். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பொட்டு கெட்டுப்போகவில்லை. அவன் பாட்டுக்குக் கற்றுக்கொண்டுதான் இருந்தான். இந்தச் சத்தம் வந்தால் வானத்திலிருந்து எதுவும் வராது, அம்மாவுக்குக் கோபம், அவ்வளவுதான் என்பதை அவன் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டான். கற்றுக்கொடுத்தது யார்? அவன் அம்மாவேதான்!

ஒருநாள் பகலில், பொட்டு வெட்டவெளியில் நின்று காய்ந்த இலையோடு விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று தரையில் ஒரு நிழல் ஓடியது. கொக்கு கிறீச்சிட்டுப் பறந்தோடியது. செங்கண்ணி அண்ணாந்து பார்த்தாள்.

பருந்து!

“கிட்டிட்டீ! கிட்டிட்டீ!”

பொட்டு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான்.

“நான் சாணியத் தொடலையேம்மா!” என்றான்.

செங்கண்ணி அலறினாள்.

“படுடா! பொட்டு, படுத்துக்கடா!”

“எறும்பையும் தொடலம்மா!”

பருந்து வட்டமிட்டுத் தாழ்ந்தது. நெட்டையன் அக்கரையிலிருந்து கிளம்பிவிட்டான். ஆனால் தூரம் அதிகம். ஆள்காட்டிகள் பருந்துக்குப் பயந்தவை அல்ல. எழும்பிப் போய் மேலே விழுந்து விரட்டும். செங்கண்ணியும் சிறகை விரித்தாள். விரித்தவுடனே பொட்டுவும் தன் குட்டைச் சிறகை விரித்தான்!

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பறந்தால் இவன் பின்னாலேயே ஓடி வருவான். தான் போட்ட சத்தமெல்லாம் இவன் காதில் ஏறவில்லை. தான் செய்ததில் ஒன்றைக்கூட இவன் தவறவிட்டதில்லை.

செங்கண்ணி அவன் எதிரில் ஓடினாள். வயிற்றைத் தரையோடு ஒட்டி, கழுத்தை நீட்டிப் படுத்தாள்.

பொட்டு பார்த்தான். அவனும் படுத்தான்.

குஞ்சு மறைந்துவிட்டது. தாய் மறையவில்லை. அவளுடைய கறுப்பு வெள்ளைக் கழுத்தும் சிவந்த மூக்கோரமும் அந்த வெயிலில் நன்றாகத் தெரிந்தன. பருந்து அவளைப் பார்த்தே இறங்கியது. அவள் எழுந்து பறந்திருக்கலாம். ஆனால் அவள் எழுந்தால் அவனும் எழுவானே! பொட்டுவின் கண்ணையே பார்த்தபடி செங்கண்ணி கிடந்தாள். இறக்கைக் காற்று அவள் முதுகில் பட்டது. நகம் பட்டது. அவள் அசையவில்லை.

“விடுறா அவள!”

நெட்டையன் பாய்ந்து வந்து பருந்தின் பிடரியில் மோதினான். பருந்து தடுமாறியது. செங்கண்ணியின் சில இறகுகளைப் பிய்த்துக்கொண்டு மேலே எழும்பி, கருவேலங்காட்டுப் பக்கம் போய் மறைந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் செங்கண்ணி எழுந்தாள். பொட்டுவும் எழுந்தான். அவள் மண்ணை உதறினாள். அவனும் உதறினான்.

“ஏங்க, இனிமே அந்தக் கூவல் பருந்துக்கும் கீரிக்கும் மட்டுந்தான்” என்றாள்.

“சேத்துக்குப் போனா?”

“கூடப் போறேன். கெட்டியான தரையில எப்படிக் கொத்தறதுன்னு காட்டறேன்.”

“நாள் முழுக்க நீ ஒருத்தியே எப்படி முடியும்? காலையில நான் பாத்துக்கறேன். நீ காவலுக்குப் போ. காலாறப் பறந்துட்டு வா” என்றான் நெட்டையன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பொட்டு சேற்றில் இறங்கத்தான் செய்தான், சாணியையும் கிளறினான். செங்கண்ணி ஒவ்வொரு முறையும் பக்கத்தில் போய் நின்றாள். கரையில் கொத்திக் காட்டினாள். அவனும் வந்து கொத்தினான். சில நாள் அலுப்பில் கூவல் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“என்னடி, இப்பல்லாம் உன் சத்தமே காணோம்?” என்று கேட்டது கொக்கு.

“பருந்து வரலையேக்கா!” என்றாள் செங்கண்ணி.

பிறகு ஒருநாள் பருந்து மறுபடியும் வந்தது. செங்கண்ணி ஒரே ஒரு முறை கூவினாள். அன்று வந்த பருந்தைப் பொட்டு மறக்கவில்லை, அதன்பின் ஒரு பொய்க்கூவலையும் அவன் கேட்டதில்லை; சட்டென்று படுத்துவிட்டான். பருந்து வெளி முழுவதையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பிப் போனது. செங்கண்ணி ஓடி வந்து தேடினாள். எங்கு பார்த்தாலும் கற்கள்தான். தன் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றுபோல் அவள் என்றுமே மகிழ்ந்ததில்லை.

சிறு பிள்ளைகள் பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே கற்கிறார்கள். ஆகையால் அதட்டலை ஆபத்து வேளைக்கென்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கூடவே நின்று செய்துகாட்ட வேண்டும்.