ராகுகாலத்து டிக்கெட்டு

லண்டன்ல தில்லைநாயகம்னு ஒரு பெரிய மனுஷன். பிளேன்ல போத்திக்கக் குடுத்த கம்பளியையே மடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்த ஆளு, அது கெடக்கட்டும். கனடாவுல அவரோட அம்மா செத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை எரிக்கிறாங்க. வியாழக்கிழமை காலையில துக்கம் கேக்க வந்த சனம் கூடம் நெறைய உக்காந்திருந்துச்சு.

அவரு சமையக்காரி சிவக்கொழுந்தக் கூப்பிட்டு, "ஏய், கனடாவுக்குப் பாதி விலையில டிக்கெட்டு பாரு. ராகுகாலம், அஷ்டமி எதுவும் இருக்கக்கூடாது. கெடைக்கலன்னா நாளைக்கு வேலைக்கு வராத"ன்னாரு. "அப்படியே அம்மா வீட்டுப் பத்திரத்தையும் பொட்டியில வை. கூடப்பொறந்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கணும்."

அந்தச் சம்பளத்துலதான் ஊர்ல அவ புருஷனுக்கு மருந்து. போனை வச்சுக்கிட்டு தேடு தேடுன்னு தேடினா. அப்புறம் எல்லாரு முன்னாடியும் கேட்டா.

"ஐயா, சாவுக்குப் போறவங்க நேரம் பாக்குறதில்லயே. அம்மா மொகத்தப் பாக்கணும்னா இன்னிக்கு மத்தியானம் ராகுகாலத்துல பாதி விலைக்கு இருக்கு. வீட்ட எழுதி வாங்கத்தான் போறீங்கன்னா சனிக்கிழமை நல்ல நேரத்துல முழு விலைக்கு இருக்கு. எதைப் போடட்டும்?"

கூடத்துல இருந்த சனம் பூரா அவரு மொகத்தையே திரும்பிப் பாத்துச்சு.

"ராகுகாலத்துலயே போடு"ன்னாரு, தலையக் குனிஞ்சுக்கிட்டு.

பத்திரத்த மேசையிலயே விட்டுட்டுப் போனாரு. சிவக்கொழுந்தும் மறுநாள் எப்பவும்போல வேலைக்கு வந்தா. அவரும் போயி அம்மா மொகத்தப் பாத்தாரு. பாத்து என்ன? மகன் வருவான்னு பத்து வருஷமா வாசலையே பாத்துக்கிட்டிருந்த கண்ண அதுக்குள்ள மூடி வச்சுட்டாங்களே.