பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

"டீச்சர், இன்னும் எவ்வளவு வெளிச்சம் கூட்டணும்?" என்று கேட்டார் ரெமிஜியுஸ்.

சந்தனமாரி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே மூன்று விரல் நீளத்தில் ஒரு மான்கொம்புப் பவளம். போன மாதம் வரை தேன் நிறத்தில் இருந்தது. இப்போது நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

அது சும்மா ஒரு துண்டு இல்லை. எதிரே தெரியும் தீவைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய பவளத் திட்டு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் கடல் சுட்டது. திட்டு முழுவதும் செத்தது. அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த பன்னிரண்டு துண்டுகளை இந்த மீன் காட்சிசாலைத் தொட்டியில் வளர்த்தார்கள். பதினொன்று போய்விட்டது. மிஞ்சிய இது வளர்ந்தால் வெட்டி வெட்டி நட்டு மறுபடியும் ஒரு திட்டை உண்டாக்கலாம். இதுவும் போனால் எல்லாம் முடிந்தது.

அதற்கு விளக்குப் போடும் வேலை ரெமிஜியுஸுடையது. வயது ஐம்பத்தேழு. அந்தக் கரையில் எந்தக் கோயிலில் கொடியேறினாலும் கோபுரத்துக்கு சீரியல் லைட் கட்டியவர் அவர்தான். வெளிச்சம் என்றால் நடுக்கடலில் இருப்பவனுக்கும் தெரியவேண்டும், அது அவர் கட்சி.

சந்தனமாரிக்கு முப்பத்திரண்டு. சங்கு குளிப்பவரின் மகள். பவளம் வளர்க்க அங்கே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பவள். வயதில் இத்தனை சின்னவளிடம் கைகட்டி நிற்க ரெமிஜியுஸுக்கு வெட்கமில்லை. பயம்தான் இருந்தது. அந்தத் துண்டு தன் கையில் செத்துவிடுமோ என்ற பயம்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க" என்றாள்.

வெளியே உச்சி வெயில்.

"அண்ணாந்து பாருங்க."

பார்த்தார். உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏன் மூடுதீங்க? வெளிச்சம் நல்லதுதானே?"

"கூசுது டீச்சர்."

"அதுக்கு மூட இமை கெடையாது" என்றாள் சந்தனமாரி.

ரெமிஜியுஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். வெளுத்துப் போனால் வெளிச்சம் பத்தவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். கூடையைக் கவிழ்த்து வைத்த இடத்தில் புல் வெளுக்கிறதே, அந்தக் கணக்கு.

"நாலு பாகம், நாலாள் ஆழத்துல கெடந்தது அது. அங்க எம்புட்டு வெயில் இறங்குமோ அம்புட்டு போதும்."

அன்றைக்கே ரெமிஜியுஸ் விளக்குகளை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார். அடியில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாக விரித்தார். பன்னிரண்டு மணி நேரம் எரிந்ததை எட்டாகக் குறைத்தார். கூட்டம் வந்து "ஒண்ணுமே தெரியலையே" என்று முணுமுணுத்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் போனது. வெளுப்பு நுனியிலிருந்து பாதிக்கு இறங்கியது.

"நீங்க சொன்னது எல்லாம் செஞ்சாச்சு டீச்சர். அப்புறமும் இப்பிடிப் போனா நான் என்னதான் செய்ய?"

குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது.

சந்தனமாரி தண்ணீரின் உப்பைப் பார்த்தாள். சூட்டைப் பார்த்தாள். இரண்டும் சரியாக இருந்தன. அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, காட்சிசாலைக்கு விடுமுறை. விடிந்ததும் வந்தாள். ரெமிஜியுஸ் அவளுக்கு முன்பே வந்து தொட்டிப் பக்கத்தில் நின்றிருந்தார். விளக்குகள் அணைந்திருந்தன.

தொட்டியின் மூலையில் ஒரு சின்ன ஃபோகஸ் லைட் தொங்கியது. அதை அங்கே மாட்டும்படி யாரும் சொன்னதில்லை.

"நேத்து லைட்டெல்லாம் எப்ப அணைச்சீங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்கே அணைச்சாச்சு டீச்சர்."

சந்தனமாரி அவர் கையைப் பிடித்து அந்தச் சின்ன லைட்டின் மேல் வைத்தாள்.

சுட்டது. ரெமிஜியுஸ் கையை எடுக்கவில்லை.

அவளே எடுத்துவிட்டாள்.

"எத்தன நாளா எரியுது இது?"

"பதினோராவது துண்டு செத்ததுல இருந்து."

"ஒரு மாசம்."

"ஆமா."

"பகல்ல அது வெயிலத் தின்னும் அண்ணாச்சி. ராத்திரியிலதான் கைய நீட்டி எரை புடிக்கும். இருட்டு வந்தாத்தான் கையே வெளிய வரும்."

ரெமிஜியுஸ் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். ஒரு மாதமாக அதற்கு இராத்திரியே வரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்தது அவர்தான், இந்தக் கதிக்கு ஆளாக்கியதும் அவர்தான்.

"ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"சீக்கா கெடக்குறத இருட்டுல போட்டுட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரல டீச்சர்."

அவள் அந்தச் சின்ன லைட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

"எம்பொண்டாட்டி பிலோமி இருட்டுலதான் போனா. ஒம்பது வருசமாச்சு. நெஞ்சு சரியில்லாமக் கெடந்தா. அன்னைக்குக் கொடியேத்தம். நான் கோபுரத்து மேல. எப்பவும் போடுறதுல ஒரு மடங்கு கூட்டிப் போட்டிருந்தேன், எல்லாரும் வாயப் பொளந்துட்டு நின்னானுவ. அந்த லோடு தாங்காம எங்க தெருவுல கரண்டு போச்சு. கோபுரம் பளபளன்னு நிக்கி, எங்க வீடு இருண்டு கெடக்கு. நான் எறங்கி வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

சந்தனமாரி போய் ஜன்னல்களில் கறுப்புத் துணியை இழுத்து விட்டாள். கதவைச் சாத்தினாள். மெயின் பலகையில் விளக்குகளின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். தண்ணீர் மோட்டார் மட்டும் ஓடியது.

காலை நேரத்திலேயே கூடம் இருண்டது.

"மூணு நாள் இப்பிடியே கெடக்கட்டும்" என்றது அவள் குரல். இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "உக்காருங்க."

தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

வெகு நேரம் போனது.

"டீச்சர், அது பொழைக்குமா?"

"தெரியாது."

"இப்ப உசுரு இருக்கா?"

"அதுவும் தெரியாது."

"ஒரே ஒரு தடவ லைட்டப் போட்டுப் பாத்துரட்டா?"

"வேண்டாம்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ரெமிஜியுஸுக்கு வியர்த்தது. அந்தத் துண்டு இருக்கும் திசையைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"பாவம் டீச்சர். இருட்டு."



"அண்ணாச்சி, பிலோமியக்கா போகும்போது பக்கத்துல யாரு இருந்தா?"

"பக்கத்து வீட்டு செலின்."

"அக்கா கடைசியா என்ன கேட்டாங்கன்னு செலின் சொன்னாங்களா?"

"சொன்னா."

"லைட்டு கேட்டாங்களா?"

ரெமிஜியுஸ் வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தார். ஒன்பது வருஷமாகத் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லி வந்திருந்தார்.

"இல்ல" என்றார்.

"பின்ன?"

இருட்டுக்குள் அவர் ஸ்டூல் தொட்டியை நோக்கி நகரும் சத்தம் கேட்டது.

"நான் வந்துட்டேனான்னு கேட்டா."