இரண்டாவது மாடியில் நின்றவர்

"கொதிக்குது. ஆனா ஓட மாட்டேங்குது. ஏன்?"

இந்த மூன்று வரியைச் சொல்லி முடிக்க ஆவுடையப்பனுக்கு இரண்டு நிமிடம் ஆனது. நாலு மாடி ஓடி ஏறியிருந்தார். லிஃப்ட் செத்துப்போன கட்டடம். வயது நாற்பத்தொன்று.

ஹசீனாவுக்கு இருபத்திரண்டு. அந்த நாலாவது மாடிக் கடையில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறாள். அவர் அவளை "குருவே" என்று கூப்பிடுவார். முதலில் கிண்டலுக்கு. இப்போது வேறு வழியில்லாமல்.

காலையில் நடந்த கல்யாணத்தை மாலை ரிசப்ஷனில் படமாக ஓட்ட வேண்டும். ஏழு மணிக்குத் திரை. எடிட்டிங் முடிந்துவிட்டது. அவர் தூக்கிக்கொண்டு வந்த லேப்டாப் அதை ஒரே படமாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

போன மாதம் ஒரு ரிசப்ஷனில் படம் வரவில்லை. ஜனம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே பிரியாணி தின்றது. இன்றைக்கும் அப்படியானால் எடிட்டிங் கிடையாது, மறுபடி லைட் பிடிக்கத்தான் போக வேண்டும் என்று ஸ்டுடியோ முதலாளி சொல்லிவிட்டார்.

மணி ஒன்றே முக்கால்.

"நிறுத்துங்க."

"என்னத்த?"

"ஓடிக்கிட்டு இருக்கறத."

"முப்பத்தொரு சதவீதம் ஆயிருக்கும்மா! நிறுத்தினா முதல்ல இருந்து வரணும்."

"ஆமா."

"விளையாடுதியா?"

"ஸ்க்ரூடிரைவரோட நிக்கேன் அண்ணே. யாரு விளையாடுதா?"

கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினார்.

அடிமூடியைக் கழற்றினாள். விசிறியில் தூசி. தூசிக்குள் மஞ்சள் அரிசி, ஐந்தாறு.

"எங்க உக்காந்து வேலை பாத்தீங்க?"

"மேடைக்குக் கீழதான். தாலி கட்டுற ஷாட்டு உடனே வேணும்லா."

"மாப்பிள்ளைக்குப் போட்ட அட்சதைல பாதி இதுமேல விழுந்திருக்கு. இதுக்கும் கல்யாணம் ஆயிட்டு."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலும் இல்லை.

அரிசியை ஒரு மூடியில் எடுத்து வைத்தாள். தூசியை ஊதினாள். சிப் மேல் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினாள்.

"சார்ஜர்?"

"ஐயையோ, பைக்குல."

ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் சார்ஜர், ஒரு கை நெஞ்சில்.

மறுபடி ஆரம்பித்தார்கள். வேகக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் அவர் நேற்றே எடுத்துவிட்டிருந்தார். ஏதோ ஒரு யூடியூப் ஆள் சொன்னானாம்.

சிப்பின் வேகம் நாலு புள்ளி ஒன்று கிகாஹெர்ட்ஸ்.

"பாத்தியா குருவே! பறக்குது!"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆறாவது நிமிடம் சூடு தொண்ணூற்றொன்பது டிகிரியைத் தொட்டது. வேகம் ஒன்றுக்கும் கீழே, புள்ளி எட்டுக்கு விழுந்தது. கொஞ்சம் ஆறியதும் நாலு புள்ளி ஒன்று. உடனே புள்ளி எட்டு. திரையில் கோடு ரம்பப் பல் மாதிரி போனது.

மீதி: ஐந்தரை மணி நேரம்.

அப்போது மணி இரண்டரை. கணக்கு அவருக்கே தெரிந்தது.

"இன்னும் ஏத்து."

"ஏத்த இடமில்ல."

"ஐஸ் வாங்கிட்டு ஓடி வாறேன்."

"உக்காருங்க. ஒண்ணு கேக்கேன். சார்ஜர் எடுத்துட்டு வரும்போது வழியில நின்னீங்களா?"

"நிக்கல."

"அண்ணே."

"சரி, நின்னேன். ரெண்டாவது மாடில, கம்பியப் பிடிச்சுக்கிட்டு. அதுக்கென்ன இப்ப? மணி ஓடுது!"

"பக்கத்துக் கடை டெய்லர் அக்கா ஏறி வந்தாங்களா?"

"வந்தாங்க. துணி மூட்டையோட."

"அவங்களுக்கு முட்டி வலி."

"தெரியும். மெதுவாத்தான் வந்தாங்க."

"யாரு முதல்ல மேல வந்தா?"

"அவங்கதான்."

திரையைப் பார்த்தார். மேலே, கீழே. மேலே, கீழே.

கை மவுஸுக்குப் போனது. வேகத்துக்கு உச்சவரம்பு வைத்தார். மூன்றரை.

அவள் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கிக் காட்டினாள்.

மூன்று.

இன்னும் இறக்கினாள்.

இரண்டே முக்கால். "மனசே கேக்கலம்மா."

அவள் டீ குடித்தாள்.

கோடு நேராகப் போக ஆரம்பித்தது. பார்க்கவே எரிச்சலாக இருந்தது, அவ்வளவு நேர். மீதி: மூன்று மணி நேரம்.

அவர் எழுந்தார், உட்கார்ந்தார். ஜன்னலுக்குப் போனார், வந்தார். முதலாளி போன் செய்தார். "எங்கல இருக்க?" என்ற சத்தம் ஹசீனாவுக்கே கேட்டது.

போனை வைத்ததும் அவர் விரல் மவுஸுக்குப் போனது. "ஒரே ஒரு புள்ளி. கொஞ்சூண்டு ஏத்திக்கிடுதேன்."

ஹசீனா மஞ்சள் அரிசியை எடுத்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். கை மூடிக்கொண்டது. அட்சதையைக் கீழே போட யாருக்கு மனசு வரும்?

மூடிய கையோடு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தரைக்கு முடிந்தது.

லேப்டாப்பைப் பையில் திணித்தார். படியில் தடதடவென்று இறங்கினார்.

சார்ஜர் மேஜையிலேயே கிடந்தது. ஹசீனா கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே செருப்புச் சத்தம் கேட்டது. ஏறி வருகிற சத்தம். ஒவ்வொரு படியாக.

இரண்டாவது மாடியில் அது நிற்கவில்லை.