புதன்கிழமை வேண்டாம்

ஆறு ஓடுகிற ஒரு ஊரிலே, ஊர் பெரிதா ஆஸ்பத்திரி பெரிதா என்று கேட்கும்படி ஒரு ஆஸ்பத்திரி இருந்ததாம். அங்கே நரம்பு வைத்தியம் பார்க்கிற எஸ்தர் என்கிற டாக்டரம்மா இருந்தார். அவரிடம் தொழில் பழக நவநீதன் என்கிற டாக்டர் வந்து சேர்ந்தான்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்போடு வரும் பிள்ளைகளுக்கு டாக்டரம்மா ஒரு கருவி வைப்பார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்குள் கிடக்கும். அதிலிருந்து ஒரு கம்பி கழுத்து நரம்புக்குப் போகும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, அரை நிமிஷம், அந்த நரம்பைத் தட்டிக் கொடுக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கருவி வைத்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எழுதும் வேலை நவநீதனுக்கு. அவன் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டுக்கொண்டான். வலிப்பு பாதிக்குமேல் குறைந்திருந்தால் ‘பலித்தது’. இல்லாவிட்டால் ‘பலிக்கவில்லை’.

ஒன்பது வயதில் கருவி வைத்த செண்பகவல்லி இருபது வயதில் வந்து உட்கார்ந்தாள். கூடவே அவள் அம்மா பேச்சியம்மாள், மடியில் ஒரு மஞ்சள் பை. கருவியின் பேட்டரி தீரப்போகிறது. மாற்றுவதென்றால் மறுபடி கத்தி வைக்க வேண்டும். மாற்றலாமா வேண்டாமா என்று நவநீதன் எழுத வேண்டும்.

பேச்சியம்மாள் பையைக் கவிழ்த்தாள். நூல் சுற்றிய தினசரி காலண்டர் தாள்கள், வருஷத்துக்கு ஒரு கட்டு. வலிப்பு வந்த நாளின் தாளை மட்டும் அவள் எடுத்து வைப்பாள்.

“வராத நாள் தாளெல்லாம்?” என்றான் நவநீதன்.

“அதைத் திருநீறு மடிக்கக் கோயில்ல குடுத்திருவேன் சார். நல்ல நாளை வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

அவன் எண்ணினான். கருவி வைப்பதற்கு முந்தின வருஷம் இருநூற்றுப் பத்து தாள். போன வருஷம் நூற்று முப்பத்தொன்று. பேனாவை எடுத்து ‘பலிக்கவில்லை’ கட்டத்துக்குக் கொண்டுபோனான்.

பேச்சியம்மாளுக்கு அந்த எழுத்து தலைகீழாகவும் புரிந்தது. “அப்ப கருவிய நிப்பாட்டிருவீங்களா சார்?”

அவன் டாக்டரம்மா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான். “மேடம், பதினொரு வருஷம் கழிச்சும் வலிப்பு நிக்கல. பாதி கூடக் குறையல. இதுக்காக இன்னொரு தடவை கத்தி வைக்கணுமா?”

டாக்டரம்மா அடியில் கிடந்த பழைய கட்டையும் மேலே கிடந்த போன வருஷக் கட்டையும் எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

“எண்ணிட்டே. இப்ப படி.”

“எதை மேடம்?”

“தாளைத்தான். பின்பக்கம்.”

அடிக்கட்டைப் பிரித்தான். பென்சில் எழுத்து, கோணல் கோணலாக.

“காலையில விழுந்தா. நெத்தியில மூணு தையல். பொழுதடையிற வரைக்கும் எந்திரிக்கல.” அடுத்த தாள். “ரெண்டு தடவை. என்னையே யாருன்னு கேட்டா.”

“என் கையெழுத்துதான்” என்றாள் பேச்சியம்மாள். “அழுதுக்கிட்டு எழுதுனது. சிரிக்காதீங்க.”

அவன் சிரிக்கவில்லை. மேல்கட்டைப் பிரித்தான். நீல மை, அச்சடித்தாற்போல.

“பத்து நாற்பது. இடது விரல் மரத்தது. காந்தம் தேய்த்தேன். பத்து நாற்பத்து மூன்று. பின்னக் கணக்கு, நான்காவது கேள்வியிலிருந்து தொடர்ந்தேன்.”

நவநீதன் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். “இது யார் எழுதுனது?”

“நான்தான் சார்” என்றாள் செண்பகவல்லி. மணிக்கட்டில் கட்டியிருந்த காந்தத்தைக் காட்டினாள். “வரப்போகுதுன்னு தெரிஞ்சா இதைக் கருவி மேல ஒரு தடவை தேச்சிருவேன். சில நாள் அடங்கும். சில நாள் அடங்காது.”

“பின்னக் கணக்கு?”

“ட்யூஷன் எடுக்கேன் சார். பதினாலு பிள்ளைங்க. ஆறாம் வகு—”

குரல் கரகரத்து நின்றது. ஒரு விரலை உயர்த்திக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கருவி வேலை செய்கிற அரை நிமிஷம். நவநீதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அதைப் பார்க்கவில்லை.

“—ஆறாம் வகுப்பு” என்று விட்ட இடத்தில் தொட்டாள். “அஞ்சு நிமிஷம் சொல்லிக் குடுப்பேன். குரல் கம்முற நேரம் பிள்ளைங்க எழுதும். நான் திருத்துவேன். மணியடிக்கிற வேலை மிச்சம்.”

“பிள்ளைங்க கேலி பண்ணாதா?”

“தவளை மிஸ்ஸுன்னு பேரு வச்சிருக்கு. மழைக்கு லீவு விட்டா, தவளை மிஸ் மழையில வரமாட்டாங்களான்னு வாசல்ல வந்து நிக்குது.”

பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நவநீதன் நீல மை தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். நூற்று இருபத்தொன்பதில் அதே கையெழுத்து. இரண்டில் மட்டும் அம்மாவின் பென்சில் இருந்தது.

அவன் பேனா கட்டத்தை விட்டு விலகியிருந்தது. “மேடம், ‘பலித்தது’ன்னு போட்டுரட்டுமா?”

“வலிப்பு நின்னுதா?”

“இல்ல.”

“பாதி குறைஞ்சுதா?”

“இல்ல மேடம்.”

“பிறகு பொய்யா எழுதப் போறே?”

டாக்டரம்மா செண்பகவல்லி பக்கம் திரும்பினார்.

“வல்லி, பேட்டரி மாத்தணும். மறுபடி தோலை அறுத்துத்தான் மாத்த முடியும். உனக்குச் சம்மதமா?”

“சம்மதம் டாக்டரம்மா.”

“அடுத்த வாரம் வச்சுக்கலாம். எந்தக் கிழமை தோது?”

செண்பகவல்லி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “எதுவானாலும் சரி. புதன்கிழமை மட்டும் வேண்டாம். பிள்ளைங்களுக்குக் கணக்குப் பரீட்சை.”

“கேட்டியா நவநீதா? எழுதிக்கோ. புதன் வேண்டாம்.”

அம்மாவும் மகளும் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். பை இந்தத் தடவை மகள் தோளில் இருந்தது.

நவநீதன் தன் இரண்டு கட்டத் தாளைப் பார்த்தபடியே கேட்டான். “மேடம், இதை எந்தக் கட்டத்துல எழுத?”

டாக்டரம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

“எதுல கொள்ளுதோ, அதுல எழுது.”

சொல்லிவிட்டு அவரும் நடந்தார்.