ஓடைப்புல் போதும் என்று சொன்ன கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. மனிதர்களுக்குத்தான் அப்போதும் காது கொஞ்சம் மந்தம். வேப்பமரம் வம்பு பேசும், பூசணிக்கொடி கூரைமேல் ஏறி உட்கார்ந்து ஊர்க்கதை அளக்கும். இவ்வளவு சத்தத்துக்கு நடுவில், கேட்டால் மட்டும் பதில் சொல்லும் செடி ஒன்று இருந்தது. அதற்கு ஓடைப்புல் என்று பெயர். இன்றைக்குச் சிலந்திச் செடி என்று சொல்லிச் சன்னலோரத்தில் வைத்திருக்கிறோமே, அதேதான். அப்போது அதன் இலையில் வெள்ளைக் கோடு கிடையாது, முழுப் பச்சை. கன்றுகளையும் வாழையைப் போலக் காலடியிலேயேதான் ஈன்றது. மலையடிவாரத்து ஓடைக்கரையில், பெரிய மரங்களின் நிழலில், அதுபாட்டுக்கு இருந்தது.

ஓடைக்குப் பக்கத்து ஊரில் பூவாத்தாள் என்று ஒருத்தி. அவள் புருஷன் செங்கோடன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேல்மலைக்கு மேய்ச்சலுக்குப் போனால், மழை விழுந்த பிறகுதான் வீடு திரும்புவான். அதுவரை அவளுக்குப் பேச்சுத்துணை கிடையாது. பூவாத்தாளோ பேசாமல் இருக்கத் தெரியாதவள். தண்ணீர்க் குடத்தைக் கரையில் வைத்துவிட்டு ஓடைப்புல்லின் பக்கத்தில் உட்கார்ந்தால், வெயில் ஏறும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். அதை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அது அவளைப் பூவா என்று கூப்பிடும்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மாசியிலேயே ஓடை வறண்டது. கரையில் நின்ற மரங்கள் இலையைக் கொட்டிவிட்டன. மரத்தில் இலை இல்லாமல் போனதும் ஓடைப்புல்லின்மேல் நேர் வெயில் விழுந்தது. அதன் காலடியில் அப்போதுதான் ஐந்து கன்றுகள் விட்டிருந்தன. சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத கன்றுகள்.

தனக்கென்று எதையும் கேட்டறியாத செடி அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டது. மழை வரும்வரைக்கும் தன்னையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டது. பூவாத்தாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவள் வீட்டில் விருந்தாளி வந்து தங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஐந்து கன்றுகளையும் ஒரு குறையும் இல்லாமல் ஓடைக்கே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்று மண்ணைத் தொட்டு வாக்குக் கொடுத்தாள்.

ஓடைப்புல் தனக்கு வேண்டியதைச் சொன்னது. அடியில் ஓட்டை விழுந்த பழஞ்சட்டி ஒன்று போதும். சட்டி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, வேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்துகொள்ளும். வெயில் மேலே படாமல் வெளிச்சம் மட்டும் வருகிற இடம் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர். “எங்க வேரு கெழங்காட்டம் இருக்குது பூவா. தண்ணிய அதுல சேத்து வெச்சுக்குவோம். நீ மறந்துபோனாக்கூட நாலு நாள் தாங்கிக்குவோம்” என்றது.

அப்படியே செய்தாள். சமையல்கட்டுச் சன்னலில் ஓட்டைச் சட்டியை வைத்தாள். அந்தச் சன்னல் மூலையில் ஒரு சிலந்தி குடியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வீடு மெழுகும்போது பூவாத்தாள் அதன் வலையைக் கலைப்பாள், சனிக்கிழமை அது மறுபடியும் கட்டிக்கொள்ளும். இருவருக்கும் அதில் பெரிய மனஸ்தாபம் ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. கன்றுகள் இலைவிட்டன. அடுப்படியில் நின்றுகொண்டு பூவாத்தாள் பேசுவாள், சன்னலிலிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருக்கும். ஓடையில் கேட்டதைவிட இங்கே அதற்கு அதிகமாகவே கேட்க வேண்டியிருந்தது.

பங்குனி நோன்புக்குச் செங்கோடனின் அக்கா வள்ளியாத்தாள் வந்தாள். நாத்தனார் என்றால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் உட்கார மாட்டாள், உங்களுக்குத் தெரியாததா? சன்னலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். வீட்டுக்குள் ஓட்டைச் சட்டி என்னத்துக்கு என்று கேட்டாள். பூவாத்தாள் விஷயத்தைச் சொன்னாள். வள்ளியாத்தாள் செடியையும் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியையும் பார்த்தாள்.

“புள்ளைங்களோட வந்தவங்கள, ஒடஞ்ச சட்டியில ஒக்கார வெச்சு, பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டிருக்கற. ஒரு வாய் உப்புப் போட்ட கஞ்சி குடுத்தியா? நாளைக்கு நம்ம ஊட்டப் பத்தி என்னன்னு பேசுவாங்க?” என்றாள்.

அந்த ஊரில் அது சாதாரணப் பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்தவர் அந்த வீட்டு உப்பைத் தின்றால்தான் உறவு. வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள் என்ற பேரை எடுத்தவளை நல்லது கெட்டதுக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது. கஞ்சி ஊற்றும்போது விருந்தாளி “போதும்” என்று சொல்லத்தான் வேண்டும், அது அவருடைய மரியாதை. அதைக் காதில் வாங்காமல் ஊற்றத்தான் வேண்டும், அது வீட்டுக்காரியின் மரியாதை. விருந்தாளி கலயத்தின் வாயைக் கையால் மூடினால்தான் ஊற்றுகிற கை நிற்கும். எத்தனை பேர் வயிறு முட்டி அவதிப்பட்டார்களோ, ஆனால் பசியோடு யாரும் எழுந்து போனதில்லை.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பியதும் பூவாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. புதுச் சட்டியாக, பெரியதாக, ஓட்டையில்லாததாகப் பார்த்து எடுத்தாள். செடியையும் கன்றுகளையும் அதில் மாற்றினாள். சோளக்கஞ்சியில் மோரை விட்டு, தன் கஞ்சிக்குப் போடுவதைவிட ஒரு கை கூடவே உப்பைப் போட்டுக் கலக்கினாள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல மேலேயிருந்து மெதுவாக ஊற்றினாள்.

ஓடைப்புல் சிலிர்த்துப்போயிற்று. “போதும் பூவா” என்றது.

பூவாத்தாள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாளும் ஊற்றினாள். அதற்கு மறுநாளும் ஊற்றினாள். ஒவ்வொரு நாளும் அது போதும் என்றது. ஒவ்வொரு நாளும் அவள் மரியாதை தவறாமல் ஊற்றினாள். செடிக்குச் சட்டியின் வாயை மூடக் கை இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இலைகளின் நடுவில் ஓடிய கஞ்சி காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்தது. கழுவிப் பார்த்தாள், போகவில்லை. உப்பு ஏறி இலைநுனிகள் கருகின. கன்றுகள் துவண்டு மஞ்சளாயின.

துவண்ட பிள்ளையைப் பார்த்தால் தாய்மனசு என்ன நினைக்கும்? பசி என்றுதானே நினைக்கும். பூவாத்தாளும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு வேளை ஊற்றியதை இரண்டு வேளை ஆக்கினாள். அவளுக்கு அந்தக் கன்றுகள்மேல் அவ்வளவு ஆசை. ஆசை இல்லாதவள் கையில் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும், அதுதான் கொடுமை.

பத்தாம் நாள் காலையில் சன்னல் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. எலி ஏதாவது செத்துக்கிடக்கிறதா என்று தேடினாள். பிறகு சட்டிக்குள் கையை விட்டாள். மண் சேறாகிக் கிடந்தது. ஒரு கன்றைத் தொட்டாள், கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் கூழாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் தொட்டாள், அதுவும் வந்தது. ஐந்தும் வந்துவிட்டன.

பூவாத்தாள் தரையில் உட்கார்ந்தாள். அழுகைகூட உடனே வரவில்லை.

“நாந்தான் போதும்னு சொன்னனே, பூவா” என்றது ஓடைப்புல். குரல் ஈனஸ்வரத்தில் வந்தது. அதில் கோபம் இல்லை.

“மருவாதிக்குச் சொல்றீங்கன்னு நெனச்சனுங்கக்கா” என்றாள் அவள்.

“எங்களுக்கு அந்த மாதிரி சொல்லத் தெரியாது. போதும்னா போதும்தான்.”

அப்புறந்தான் அவள் அழுதாள். அழுதுகொண்டே பழைய ஓட்டைச் சட்டியைத் தேடி எடுத்து, காய்ந்த மண்ணைப் போட்டு, தாய்ச்செடியை அதற்கு மாற்றினாள். ஆனால் அதன் வேரிலும் பாதிக்குமேல் போயிருந்தது. கன்றுகள் ஐந்தையும் கொல்லையில் புதைத்தாள். அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை.

மூன்று நாள் ஓடைப்புல் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் அது சிலந்தியோடு பேசுவதை அடுப்படியில் இருந்து பூவாத்தாள் கேட்டாள். கேட்கக்கூடாது என்று நினைத்தும் காது அங்கேயே போயிற்று.

“நீ உன் பிள்ளைகளை எப்படிக் காப்பாத்தற?” என்று செடி கேட்டது.

சிலந்தி சொன்னது, “நா எங்க காப்பாத்தறது? வாரா வாரம் இந்தம்மா என் ஊட்டப் பிச்சுப் போடுது. கெட்ட மனசு கெடையாது, அதுக்கு ஊடு சுத்தமா இருக்கோணும். அதனால புள்ளைங்க பொறந்ததும் ஆளுக்கொரு நூல உட்டுத் தொங்கிக்கும். என் ஊடு போனாலும் அதுங்க போகாது.”

“எனக்கொரு நூல் தருவியா?”

“என் நூலு உன் புள்ளையத் தாங்காது. உன் ஒடம்புல இருந்தேதான் நூல் நூக்கோணும்.”

ஓடைப்புல் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் சேர்த்தது. கிழங்கு வேரில் பஞ்சகாலத்துக்கென்று வைத்திருந்த நீரையும் எடுத்துச் செலவழித்தது. அதன் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது. மெல்லியதாக, நீளமாக, சட்டியைத் தாண்டி, சன்னல் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கியது. ஒரு மாதம் கழித்து அதன் நுனியில் ஒரு கன்று விட்டது. மண்ணே தொடாமல், காற்றிலேயே குட்டி வேர்கள் விட்டது. அதன் இலையிலும் நடுவில் அந்த வெள்ளைக் கோடு இருந்தது. கஞ்சி ஒரு சொட்டுகூடப் படாத கன்று அது.

பூவாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். எதற்காக அது பிள்ளையை அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எம்மேல நம்பிக்கை போயிருச்சுங்களாக்கா?” என்று கேட்டாள்.

“உம்மேல பிரியம் போகல, பூவா” என்றது செடி. “எனக்கு என்ன ஆனாலும் இது நூல்ல இருக்கும். வேரு நல்லா விட்டதுக்கப்புறம் ஒரு சின்னச் சட்டியில மண்ணு மேல உக்கார வெச்சுரு. அது மண்ணப் புடிச்ச பொறவு நூல அறு. அதுக்கு முந்தி அறுத்துராத.”

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. வைகாசியில் முதல் மழை விழுந்தது. கூரையில் மழைச் சத்தம் கேட்டதும் பூவாத்தாள் சன்னலுக்கு ஓடினாள். தாய்ச்செடி இலையெல்லாம் சரிந்து படுத்துவிட்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். நூல் மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது.

சொன்னபடியே செய்தாள். கன்று மண்ணைப் பிடிக்கும்வரை காத்திருந்து, நூலை அறுத்தாள். ஓடையில் தண்ணீர் வந்ததும், கொடுத்த வாக்கை நினைத்து அதைக் கரைக்கு எடுத்துப் போனாள். ஐந்தைக் கொண்டுவருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் மரங்களில் இன்னும் தழை கூடவில்லை. வீட்டு வெளிச்சத்தில் பிறந்த கன்றுக்கு அந்த வெயில் தாங்கவில்லை, அரைநாளில் இலை வெளுத்துவிட்டது. மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். கொடுத்த வாக்குப்படி அந்த ஒன்றைக்கூட ஓடைக்குத் திருப்பித் தர முடியாமல் போயிற்று.

செங்கோடன் மலையிலிருந்து வந்தபோது வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லையே என்று பயந்துவிட்டான். பூவாத்தாள் சன்னலருகில் உட்கார்ந்திருந்தாள். கன்று வளர்ந்து தழைத்திருந்தது. அவள் அதனிடம் தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா, போதுமா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்படியே கேட்டு நடந்துவிடுவாள், இந்தத் தடவை ஒரு சொட்டு கூடாது, குறையாது. கன்று பதில் சொல்லவில்லை. கோபம் என்று நெடுநாள் நினைத்தாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதற்குள் தாய் போய்விட்டது. அதற்குப் பேச்சே தெரியாது.

அது வளர்ந்து ஈன்ற கன்றுகளும் நூலில்தான் தொங்கின, எல்லாவற்றின் இலையிலும் கோடு இருந்தது, உப்புத் தண்ணீர் பட்டால் இன்றைக்கும் நுனி கருகிவிடுகிறது. ஆனால் ஒன்றுக்கும் வாய் வரவில்லை. அன்று முதல்தான் சிலந்திச் செடி வளர்க்கிறவர்கள், தண்ணீர் ஊற்றும் முன்னால் மண்ணுக்குள் ஒரு விரலை விட்டு, போதுமா என்று அதனிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.